காசில் இரட்டை எழுத்து: அச்சில் விழுந்ததா, அடிக்கும்போது வந்ததா?

காசில் எழுத்து இரண்டாகத் தெரிந்ததும் ஒரு படம் எடுத்து "இது எவ்வளவு போகும்?" என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் அப்படிக் காட்டுகிற காசுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது காசில் படத்தைப் பதிக்கிற உருக்குத் துண்டான அச்சிலேயே விழுந்த இரட்டை அல்ல, காசை அடித்த நேரத்தில் அச்சு கொஞ்சம் ஆடியதால் வந்த இழுவை. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மதிப்பிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதைச் சேகரிப்பவர்கள் தேடித் திரிகிறார்கள், இரண்டாவதற்கு முகமதிப்புக்கு மேல் யாரும் தரமாட்டார்கள். இதைப் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும், அதனால் இங்கே அதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

திருகோணமலையில் இருக்கிற நமக்குப் பழைய நிக்கல் காசு (அமெரிக்க, கனடா ஐந்து சதக் காசை நிக்கல் என்பார்கள்) எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். ரொறன்ரோவில் இருந்து லீவுக்கு வருகிற சொந்தக்காரர் மேசையில் கொட்டிவிட்டுப் போகிற சில்லறையில் கனடா ஐந்து சதம் இருக்கும், அதற்குள்ளேயே அமெரிக்க ஐந்து சதமும் கலந்திருக்கும். வீட்டில் அம்மம்மாவின் கொட்டப்பெட்டியைத் திறந்தால் சிலோன் காலத்துச் சதுர ஐந்து சதம் வரும். இந்தத் துறைமுகத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது: 1944-இல் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான சரடோகா இங்கே வந்து பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையோடு சேர்ந்து இயங்கியது. அதனால் போர்க்கால அமெரிக்க நிக்கல் ஒன்று இந்த ஊர் வீட்டில் கிடந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதை அடையாளம் காண்பதும் சுகம். மறுபக்கத்தில் உள்ள மொன்டிசெல்லோ என்ற கட்டடத்தின் கூரைக்கு மேலே பெரிதாக பி (பிலடெல்பியா), டி (டென்வர்), எஸ் (சான்பிரான்சிஸ்கோ) என்று நாணயசாலையைக் காட்டுகிற ஆங்கில எழுத்துகளில் ஒன்று, அதாவது குறியெழுத்து, நிற்கும். 1942 முதல் 1945 வரை வந்த அந்தக் காசில் நிக்கலே இல்லை: 56 வீதம் செம்பு, 35 வீதம் வெள்ளி, 9 வீதம் மங்கனீசு. போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால் அப்படிச் செய்தார்கள்.

சரி, சாமான்கள். பத்து மடங்கு பெருக்கும் லூப் ஒன்று போதும், நகை செய்கிற பத்தர்மார் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்த வகைதான். இருபது, முப்பது மடங்கு என்று எழுதி விற்கிற மலிவு லென்ஸ்களை வாங்காதீர்கள், ஓரம் எல்லாம் வளைந்து தெரியும், இல்லாத இரட்டையையும் காட்டும். போனில் இணைக்கிற யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் படம் எடுக்க நல்லது, முதல் பார்வைக்கு வேண்டாம், ஏனென்றால் அதில் காசைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் ஓடுவதைப் பார்க்க முடியாது. அந்த ஓட்டம்தான் முக்கியம். ஒரே ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசை விளிம்பில் பிடித்து, மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் தெரிந்து மற்றக் கோணத்தில் மறைகிற இரட்டை பெரும்பாலும் வெறும் வெளிச்சம்தான். இரண்டு டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தால் எல்லாக் காசிலும் எழுத்து இரண்டாகத் தெரியும். கூடவே ஒரு சின்னக் காந்தம் வைத்திருங்கள், எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இனி அச்சு எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் இரட்டையின் வடிவம் புரியாது. காசின் படத்தைப் புடைப்பாகத் தாங்கிய ஓர் உருக்குத் தண்டு இருக்கும், அதை ஹப் என்பார்கள். அதை மென்மையான உருக்குத் துண்டில் பெரும் அழுத்தத்தோடு இறக்கினால் படம் குழிவாகப் பதியும், அந்தக் குழிவுத் துண்டுதான் அச்சு. ஒரே அழுத்தில் முழுப் படமும் இறங்காது, உருக்கு அழுத்த அழுத்த இறுகும். எனவே அச்சைச் சூடாக்கி இளக்கி, அதே ஹப்பில் மறுபடி வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் தடவை வைக்கும்போது இம்மி விலகினாலும் படம் இரண்டு தடவை பதிந்துவிடும். கச்சேரியில் முத்திரை மங்கலாக விழுந்தது என்று அதன் மேலேயே இன்னொரு தடவை குத்தினால் எழுத்து எப்படி இரண்டாக விழுமோ, அதேதான். அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில், அதே திசையில் வரும். அமெரிக்க நாணயசாலை 1990-களின் பின்பகுதியில் ஒரே அழுத்தில் அச்சுச் செய்யும் முறைக்கு மாறியது, அதற்குப் பிறகு பெரிய இரட்டைகள் அரிதாகிவிட்டன. பழைய காசைப் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது லூப்பை எடுங்கள். உண்மையான இரட்டை அச்சில் இரண்டு படமும் குழிவாக அச்சுக்குள் இறங்கியவை, அதனால் காசில் இரண்டும் புடைப்பாக, உருண்டையாக, தத்தம் உயரத்தோடு நிற்கும். எழுத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். கோட்டின் முனையை, குறிப்பாக ஆங்கில எழுத்துகளின் மூலைகளை, நன்றாகப் பாருங்கள்: அங்கே ஒரு வெட்டு, ஒரு சின்னப் பிளவு இருக்கும், இரண்டு முனைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகிற இடம் அது. இந்தப் பிளவைக் கண்டால் நெஞ்சு படபடக்கலாம், தப்பில்லை.

மெஷின் இழுவை வேறு. காசு ஏற்கெனவே அடிபட்டு எழுத்து எழும்பிவிட்டது, அந்தக் கணத்தில் தளர்ந்திருந்த அச்சு ஒரு பக்கம் உரசி நகர்கிறது. எழும்பிய எழுத்தின் ஓரத்தை அது கீழே தள்ளித் தட்டையாக்கிவிடும். ஆகவே இரண்டாவது எழுத்து போலத் தெரிவது உண்மையில் முதல் எழுத்திலிருந்து நசுங்கிய சதை. அது தட்டையான ஒரு படியாக, வெறுந்தரையோடு ஒட்டி, பளபளப்பாக இருக்கும். முதல் எழுத்து அந்த அளவுக்கு மெலிந்திருக்கும். இங்கேதான் ஒரு நல்ல சோதனை இருக்கிறது: பக்கத்தில் அதே ஆண்டின் சாதாரணக் காசு ஒன்றை வைத்து எழுத்தின் மொத்த அகலத்தை ஒப்பிடுங்கள். இரட்டையையும் சேர்த்து அகலம் கூடியிருந்தால் அச்சின் வேலையாக இருக்கலாம். சேர்த்தும் அதே அகலம்தான் என்றால் மெஷின் இழுவை, சந்தேகமே வேண்டாம். ஆண்டிலும் அச்சிடும் நாணயசாலையின் குறியெழுத்திலும் ஒரே திசையில், ஒரே அளவில் தட்டையாக இழுபட்டிருந்தால் அதுவும் அதே வியாதி, ஏனென்றால் பழைய காசில் அந்தக் குறியெழுத்தைப் பிறகு தனியாகக் குத்தினார்கள், அது ஹப்பில் கிடையாது, ஹப் விலகினால் அந்த எழுத்து இரட்டிக்க வழியில்லை.

நிக்கலில் இன்னொரு தொல்லை உண்டு, அதுதான் புதிதாகப் பழகுகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது. நிக்கல் கலந்த உலோகம் கடினமானது, அச்சைச் சீக்கிரம் தின்றுவிடும். தேய்ந்த அச்சில் எழுத்தின் ஓரம் கரைந்து, காசில் எழுத்து வீங்கி, விளிம்புப் பக்கமாக ஒரு மங்கலான நிழலோடு வரும். அந்த நிழலுக்கு உருண்டை கிடையாது, பிளவு கிடையாது, ஒழுங்கான ஓரமும் கிடையாது. எழுத்தைச் சுற்றிய வெறுந்தரை சொரசொரத்து, நடுவிலிருந்து வெளியே ஓடுகிற மெல்லிய கோடுகள் தெரிந்தால் உறுதி. ஜெபர்சன் தலை உள்ள அமெரிக்க ஐந்து சதமான ஜெபர்சன் நிக்கலில் இது மிகவும் சகஜம். இரட்டை அச்சு என்று சொல்லி விற்பனைக்கு வைக்கிற படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், இந்த நிழலைத்தான் அடிக்கடி காண்பீர்கள்.

உண்மையான இரட்டை என்று தோன்றினால் அதன் திசையைப் படியுங்கள். ஹப் சுழன்று விழுந்திருந்தால் காசைச் சுற்றி எல்லா எழுத்தும் ஒரே சுற்றுத் திசையில் விலகும். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைப் பிடித்துத் திரும்பியிருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது, எதிர்ப் பக்கத்தில் பலமாகத் தெரியும். இப்படி ஒரு ஒழுங்கு கட்டாயம் இருக்கும். ஓர் எழுத்து கிழக்கே, அடுத்தது மேற்கே என்று கண்டபடி விலகினால் அது அடிபாடோ தேய்வோதான்.

அடுத்தது குறியெழுத்து. அமெரிக்காவில் 1980-களின் இறுதி வரை டி, எஸ் போன்ற எழுத்துகளை ஒவ்வோர் அச்சிலும் கையால் சுத்தியலடித்துத்தான் இறக்கினார்கள். முதல் அடி சரிந்துவிட்டால் மறுபடி அடிப்பார்கள், அப்போது அந்த ஓர் எழுத்து மட்டும் இரட்டிக்கும், ஆண்டும் மற்ற எழுத்துகளும் சுத்தமாக இருக்கும். இன்னும் சுவையானது ஒன்றின் மேல் இன்னொன்று குத்தியது. சான்பிரான்சிஸ்கோவுக்கு என்று எஸ் குத்தி வைத்த அச்சை டென்வருக்கு அனுப்ப டி-யை அதன் மேலேயே குத்திவிட்டார்கள், ஜெபர்சனுக்கு முந்திய, மறுபக்கத்தில் எருமை உள்ள ஐந்து சதமான எருமை நிக்கலில், 1938-இல், அப்படி இருக்கிறது. அதைத் தேடிப் பழகச் சொல்வேன், மற்றவற்றோடு பார்த்தால் சுலபமாகக் கிடைப்பது. ஜெபர்சன் வரிசையில் 1949-இலும் 1955-இலும் எஸ்-இன் மேல் டி, 1954-இல் டி-யின் மேல் எஸ். எங்கே பார்ப்பது என்றால், எருமை நிக்கலில் மறுபக்கத்தில் ஐந்து சதம் என்ற ஆங்கில எழுத்துக்குக் கீழே. ஜெபர்சனில் 1964 வரை மறுபக்கத்தில் கட்டடத்துக்கு வலது பக்கம், போர்க்காலத்தில் மட்டும் கூரைக்கு மேலே. 1965 முதல் 1967 வரை குறியே இல்லை, 1968-இலிருந்து தலைப்பக்கத்தில் ஆண்டுக்குப் பக்கத்தில்.

இரட்டை அச்சில் முதலில் தேட வேண்டியவை என்று கேட்டால் நான் ஜெபர்சனில் இரண்டைச் சொல்வேன். 1939-இல் கட்டடத்தின் பெயரான மொன்டிசெல்லோ என்ற சொல்லும் அதன் கீழே உள்ள ஐந்து சதமும் பளிச்சென்று இரட்டித்த ஒன்று உண்டு, தேய்ந்த காசிலும் தெரியும். 1943 பிலடெல்பியா காசில் ஜெபர்சனின் கண் இரட்டித்திருக்கும், தலைப்பக்க எழுத்துகளிலும் அது தொடரும். அதே 1943 பிலடெல்பியாவில் இன்னொன்றும் உண்டு, 1942 ஹப்பையும் 1943 ஹப்பையும் ஒரே அச்சில் இறக்கிவிட்டார்கள், கடைசி மூன்றின் கீழ் வளைவுக்குள் இரண்டின் அடையாளம் கிடக்கும். எருமை நிக்கலில் 1916 இரட்டை ஆண்டும், டென்வரின் 1918-இல் ஏழின் மேல் எட்டு விழுந்ததும் பெரிய பெயர்கள். அவை சில்லறைப் பையில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் படத்தை மனதில் வைத்திருங்கள்.

மூன்று கால் எருமையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1937 டென்வர் காசு, அச்சை அளவுக்கு மிஞ்சித் தேய்த்து மினுக்கியதில் முன்கால் ஒன்று அழிந்துபோனது. தேய்ந்த நிலையிலும் நூற்றுக்கணக்கான டொலர் போவதால் சாதாரணக் காசின் காலைச் சுரண்டி விற்கிறவர்கள் நிறையப் பேர். உண்மையான காசில் எருமையின் வயிற்றுக்குக் கீழே தரையை நோக்கி இறங்குகிற சின்னச் சின்னப் புடைப்புப் புள்ளிகளின் வரிசை ஒன்று இருக்கும், பின்காலும் அரித்தது போல மெலிந்திருக்கும். கால் இருந்த இடத்தில் சுரண்டிய பள்ளமும் பளபளப்பும் தெரிந்தால் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

கனடாக் காசுக்கு வருவோம், நம் கைக்கு உண்மையில் அதிகம் வருவது இதுதான். இங்கேதான் காந்தம். 1922-இல் தொடங்கிய பெரிய ஐந்து சதம் 1981 வரை பெரும்பாலும் சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அமெரிக்க நிக்கல் நான்கில் மூன்று பங்கு செம்பு, ஒட்டாது, ஒட்டினால் அது போலி. கனடாவில் 1944, 1945-இலும் 1951-இலிருந்து 1954 வரையும் குரோமியம் பூசிய உருக்கில் அடித்தார்கள், அதுவும் ஒட்டும், எனவே ஆண்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த வரிசையில் நான் மிகவும் விரும்புவது 1926. கடைசி ஆறு மேப்பிள் இலையைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு நிற்கிற ஒன்று, கொஞ்சம் தள்ளி நிற்கிற ஒன்று. தள்ளி நிற்பதுதான் அரிது, விலையும் அதற்கே. இரட்டை எழுத்து ஒன்றும் இல்லை, இலக்கம் நிற்கிற இடம் மட்டும் வேறு, ஆனாலும் இதுவும் அச்சு வேறுபாடுதான். 1947-இல் ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மேப்பிள் இலை இருந்தால் அந்தக் காசு 1948-இல் அடித்தது. இந்தியா சுதந்திரம் அடைந்ததும் இந்தியாவின் பேரரசர் என்ற பட்டத்தை நீக்கிய புதிய அச்சுகள் தேவைப்பட்டன, அவை வந்து சேரும் வரை பழைய ஆண்டுக்குப் பக்கத்தில் இலையைப் போட்டுச் சமாளித்தார்கள். இலைக்குப் பதில் ஒரு புள்ளி நிற்கிற 1947 அரிது. 1964-இல் பீவர் என்ற விலங்கின் மரக்கட்டைக்குக் கீழே தண்ணீரில் ஒரு கோடு கூடுதலாக ஓடுகிற ஒன்றும் இருக்கிறது, அதைச் சாதாரண 1964 ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நம்முடைய சதுர ஐந்து சதத்துக்கும் இதே கண்தான். 1909-இலிருந்து செம்பு நிக்கலில் வந்தது, போரில் 1942 முதல் 1945 வரை நிக்கல் பித்தளைக்கு மாறியது, மஞ்சளாக இருக்கும். அதிலும் 1944, 1945 காசு முந்திய இரண்டு ஆண்டுகளைவிட மெல்லியது, கையில் வைத்தாலே தெரியும். 1912 காசில் எச் என்ற குறி இருப்பது பர்மிங்ஹாமில் ஹீட்டன் நிறுவனம் அடித்ததைக் காட்டும். இந்தக் காசுகளில் ஆங்கிலத்தோடு சிங்களமும் தமிழும் இருப்பதால் பார்ப்பதற்கு இடம் அதிகம். ஆனால் ஒரு எச்சரிக்கை: நம் எழுத்தின் சுழிகளுக்குள் அச்சில் கிரீஸும் உலோகத் தூசும் அடைத்துக்கொள்ளும், அப்போது சுழி மூடியோ கோடு பாதியில் நின்றோ வரும். அதைப் புதிய வகை என்று நினைத்துவிட வேண்டாம், அடைப்பு அடுத்த சில நூறு காசில் தானாகக் கழன்றுவிடும், அச்சு மாறவில்லை. அச்சு வேறுபாடு என்று சொல்ல வேண்டுமென்றால் அதே அடையாளத்தோடு இன்னொரு காசும் வேண்டும். ஒரே ஆண்டின் காசுகள் எத்தனை கிடைக்குமோ அத்தனையையும் வரிசையாக அடுக்கிப் பார்ப்பதுதான் வழி. நம் காசை நாம் உட்கார்ந்து இப்படிப் பார்த்தால்தான் உண்டு, வேறு ஊரில் யாரும் தமிழ் எழுத்தின் வளைவை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கமாட்டார்கள்.

கீறல்களையும் விடாதீர்கள். காசில் பள்ளமாகக் கிடக்கிற கோடு பிறகு விழுந்த கீறல், அதை மறந்துவிடலாம். புடைத்து நிற்கிற கோடு அச்சில் இருந்த கீறல் அல்லது வெடிப்பு. ஓர் அச்சின் கைரேகை அதுதான். பெயர்பெற்ற ஒரு வகையின் படத்தோடு உங்கள் காசை ஒப்பிடும்போது இரட்டையை மட்டும் பார்க்காமல் இந்தப் புடைப்புக் கோடுகளும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அதே அச்சு. போலிக்காரர் எழுத்தைச் செதுக்கலாம், இதையெல்லாம் சேர்த்துச் செய்வது கடினம்.

கழுவாதீர்கள். புளி, தேசிக்காய், பல்பொடி, பித்தளை மினுக்குகிற திரவம் எதுவும் வேண்டாம். மினுக்கிய காசில் அந்த நுண்ணிய பிளவே தேய்ந்துபோகும், பிறகு எதை வைத்து நிரூபிப்பது? ஆண்டு அழிந்த எருமை நிக்கலில் அமிலத்தைத் தொட்டு ஆண்டை வரவழைக்கிற வேலையும் இருக்கிறது, ஆண்டு தெரியும், காசு செத்துவிடும். இந்த ஊர் உப்புக் காற்றில் காசைத் திறந்து வைப்பதும் கூடாது. மெல்லிய வளையும் பிளாஸ்டிக் அல்பங்கள் சில வருடத்தில் காசில் பச்சைப் பசையை ஏற்றிவிடும், அவற்றைத் தவிர்த்து மைலார் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் சாளரம் வைத்த அட்டைகளை வாங்குங்கள், இறுக்கமாக மூடுகிற டப்பாவில் மருந்துப் போத்தலில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். ஏற்கெனவே பச்சைப் பசை பிடித்த காசை, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குப் பக்கத்தில் அல்லாமல், சுத்த அசிட்டோனில் ஊறப் போட்டு எடுக்கலாம், நகப்பூச்சு அழிக்கிற திரவம் அதற்கு உதவாது, தேய்க்கவும் கூடாது.

யாரிடமாவது கருத்துக் கேட்கப் படம் அனுப்புகிறீர்கள் என்றால் முழுக் காசின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அதன் பிறகு இரட்டித்த இடம் கிட்டத்தில், விளக்கை இரண்டு வேறு பக்கங்களில் வைத்து இரண்டு படம். எடையும் சொல்லுங்கள், அமெரிக்க நிக்கல் 5 கிராம், கனடாவின் சுத்த நிக்கல் 4.54 கிராம். அட்டையின் மேல் பென்சிலால் நாடு, ஆண்டு, குறியெழுத்து, எந்த எழுத்து எந்தத் திசையில் விலகியிருக்கிறது என்பதை எழுதி வையுங்கள், யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்து.